பச்சை விறகும் கறுத்த கண்ணாடியும்

ஓஸ்லோவில் அடுக்குமாடியில் இருந்துவிட்டு ஹமார் பக்கம் பழைய மரவீடு ஒன்றுக்குக் குடிபோன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன ஒக்டோபரில் காய்ந்த விறகு என்று சொல்லித்தான் தந்தார்கள். அடுப்பில் போட்டால் சீறுகிறது, புகைகிறது, அடுப்புக் கதவின் கண்ணாடி இரண்டு நாளில் கறுத்துவிடுகிறது. வீடு சூடாகவே இல்லை. இந்தக் குளிருக்கு எந்த மரம், எவ்வளவு, எப்போது வாங்குவது? காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

தம்பி, உங்கள் அடுப்பில் பிழை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சீறுகிற அந்தச் சத்தம் விறகின் முனையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். ஊரில் மாரிகாலத்தில் ஈர விறகை வைத்துவிட்டு அம்மாமார் கண் சிவக்கச் சிவக்க ஊதுகுழலால் ஊதுவார்களே, அதே கதைதான். அங்கே சோறு பிந்தும். இங்கே பிள்ளைகள் குளிரில் படுப்பார்கள், புகைபோக்கிக்குள் தார் பிடிக்கும்.

எல்லோரும் முதலில் கேட்பது எந்த மரம் நல்லது என்று. 20 வருடத்துக்கு மேலாக விறகு அடுப்போடு வாழ்ந்துவிட்டுச் சொல்கிறேன், அது இரண்டாவது கேள்வி. எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரு கிலோவில் கிட்டத்தட்ட ஒரே அளவு சூடுதான் இருக்கிறது: ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அடுப்பு அதில் முக்கால் பங்கை வீட்டுக்குத் தந்தால் 3 யூனிட். பச்சையாக வெட்டிய பேர்ச் (birch) மரத்தில் ஒரு கிலோவுக்கு 400 முதல் 450 கிராம் வரை வெறும் தண்ணீர். அப்படியென்றால் நீங்கள் அடுப்பில் வைக்கிற கிலோவில் மரமே அரைக் கிலோ சொச்சந்தான், அதன் சூட்டிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கப் போய்விடும். அதைவிடக் கேடு வேறொன்று. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அடுப்புக்குள் வெப்பம் ஏறாது. மரத்திலிருந்து வருகிற வாயு எரிய நல்ல வெப்பம் வேண்டும். எரியாத வாயு புகையாக மேலே போய், குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தாராகப் படிகிறது. உங்கள் கண்ணாடியில் இருப்பதும் அதே தார்தான். கண்ணாடியைத் துடைத்துவிடலாம், புகைபோக்கிக்குள் இருப்பது கண்ணில் படாது.

சரி, தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மரம் என்பது நீளவாக்கில் கட்டி வைத்த மெல்லிய குழாய்கள். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய வழி அது. வெட்டிய பிறகும் தண்ணீர் அந்த வழியாலேயே, வெட்டு முகத்தின் ஊடாகத்தான், வேகமாகப் போகும். பக்கவாட்டில் போவது மிக மெது. அதனால்தான் 30 சென்டிமீட்டர் துண்டு ஒரு கோடையில் காய்கிறது. 60 சென்டிமீட்டர் துண்டுக்குக் கூடுதல் காலம் வேண்டும். முழு மரத்தை அப்படியே போட்டு வைத்தால் வருடம் போனாலும் உள்ளே ஈரம் இருக்கும். குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் முதலில் சுலபமாகப் போய்விடும். குழாயின் சுவருக்குள் ஊறிய தண்ணீர்தான் பிடிவாதமாக இருக்கும். அதற்கு வெயிலைவிடக் காற்று முக்கியம்.

பேர்ச்சுக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. அதன் வெள்ளைப் பட்டை தண்ணீரை விடவே விடாது. நோர்வேயின் பழைய புல்கூரை வீடுகளில் புல்லுக்கு அடியில் இந்தப் பட்டையைத்தான் அடுக்கடுக்காகப் போட்டார்கள், மழை ஒழுகாமல் இருக்க. நம் பக்கத்திலும் இந்த மரத்துக்குப் பெயர் இருக்கிறது: பூர்ச்ச மரம். இமயமலையில் வளர்கிற அதன் இனத்தின் பட்டையில் ஏடு எழுதினார்கள். பூர்ஜம் என்ற சமஸ்கிருதச் சொல்லும் பேர்ச் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மழையை உள்ளே விடாத பட்டை உள்ளிருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. பேர்ச் உருளையைப் பிளக்காமல் போட்டு வைத்தால் அது காயாது, பட்டைக்குள்ளேயே உளுத்துப் போகும். வெளியே பார்க்க வெள்ளையாக அழகாக இருக்கும், கையில் எடுத்தால் பஞ்சு. ஆகவே பேர்ச் என்றால் வெட்டிய சில வாரங்களுக்குள் பிளந்துவிட வேண்டும்.

எப்போது என்று கேட்டீர்கள். இங்கே விறகு வேலை குளிர்காலத்தின் கடைசியில் தொடங்குகிறது. ஜனவரி தொடங்கி மார்ச் வரை, மரத்தில் நீரோட்டம் ஏறுவதற்கு முன், வெட்டுவார்கள். அந்த நேரம் நிலம் உறைந்திருப்பதால் காட்டிலிருந்து இழுத்து வருவதும் சுலபம். உறைந்த பேர்ச்சைப் பிளப்பது தனி இன்பம்: கோடாலி பட்டதும் படீரென்று இரண்டாகும். ஈஸ்டருக்குள் பிளந்து அடுக்கிவிட வேண்டும் என்பது கிராமத்தாரின் கணக்கு, அதற்குச் சரியான காரணமும் உண்டு. கடலைவிட்டுத் தள்ளிய உள்பகுதிகளில் ஏப்ரல், மே, யூன் மாதங்களில்தான் காற்று மிக வறண்டிருக்கும். யூலையில் வெயில் கூட, ஆனால் காற்றில் ஈரமும் கூடிவிடும். ஓகஸ்ட் முடிவுக்குப் பிறகு விறகு காய்வது நின்றுபோகும். இலையுதிர்காலத்தில் வெளியே கிடக்கிற விறகு காற்றிலிருந்து ஈரத்தைத் திருப்பி இழுக்கவும் செய்யும். வசந்தத்தைத் தவறவிட்டவர் அந்த வருடத்தையே தவறவிட்டவர்.

வசந்தத்தில் முடியாமல் போனவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் இலை முழுதாக விரிந்த பிறகு மரத்தை வெட்டி, கிளையைக் கழிக்காமல் இலையோடு சில வாரம் கிடக்கவிடுவார்கள். வேர் இல்லாவிட்டாலும் இலை தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், வாடி விழும்வரை. அதற்குள் அடிமரத்தின் ஈரத்தில் நல்ல பங்கு போய்விடும்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. மாரி தொடங்க முந்தி விறகு கொத்தி, குசினியில் அடுப்புக்கு மேலே பறணில் அடுக்கிவிடுவார்கள். கீழிருந்து வரும் சூட்டிலும் புகையிலும் அது காய்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் விறகுகாலைக்கு ஓடினால் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நோர்வேயில் ஒக்டோபரில் விறகுக்கு அலைவதும் அதுதான்.

அடுக்குகிற விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். முதல் வருடம் பச்சை பேர்ச்சை மலிவாக வாங்கி, மழை படக்கூடாது என்று தார்ப்பாயால் நான்கு பக்கமும் மூடிக் கட்டிவிட்டேன். மிச்சத்தை நிலவறைக்குள் அடுக்கினேன். செப்டெம்பரில் தார்ப்பாயைத் திறந்தபோது உள்பக்கம் தண்ணீர் துளிதுளியாக நின்றது, விறகு முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சணம். நிலவறை விறகு இன்னும் மோசம், அந்த வாசம் மேலே படுக்கையறைவரை வந்தது. மூத்த மகளுக்கு இழுப்பு இருந்த காலம் அது. அந்தக் குளிர் முழுக்க அவள் இருமினாள். பூஞ்சண வித்துகள் நிறைந்த விறகை வீட்டுக்குள் வைத்தது என் பிழை, இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. பச்சை விறகை ஒருபோதும் மூடிய இடத்தில் வைக்காதீர்கள். மேலே மட்டும் கூரை போதும். ஒரு தகரமோ பலகையோ சரிவாக வைத்தால் சரி. பக்கங்கள் திறந்தே இருக்கட்டும், பக்கவாட்டில் அடிக்கிற மழை ஒரு நாளில் காய்ந்துவிடும்.

நிலத்தில் நேரே அடுக்க வேண்டாம். பலட்டின் மேலோ இரண்டு நீளக் கட்டைகளின் மேலோ ஒரு சாண் உயரத்தில் தூக்கி அடுக்குங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் கை நுழைகிற இடைவெளி விடுங்கள், விறகுக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது. ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசையை நெருக்கி வைத்தால் பின்னால் இருப்பது காயாது. வளவில் காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரம் கவனித்து, வெட்டு முகங்கள் அந்தக் காற்றைப் பார்க்கும்படி வையுங்கள். நெருக்கமாக, சீராக அடுக்குவது பார்க்க அழகுதான், ஆனால் முதல் கோடையில் கொஞ்சம் தளர்வாக இருப்பதே நல்லது. துண்டின் அகலம் 8, 10 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

பட்டை மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்று உங்கள் அயலவர் கட்டாயம் ஒரு நாள் சொல்லித் தருவார். 2013 பெப்ரவரியில் நோர்வேயின் அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேரம் தொடர்ந்து ஒரு நிகழ்ச்சி போட்டது. அதில் 8 மணி நேரம் ஒரு கணப்பில் தீ எரிவதை மட்டும் காட்டினார்கள். அப்போது வந்த குறைகளில் பாதி பட்டை மேலே இருக்கிறது என்றும் மறுபாதி கீழே இருக்கிறது என்றும் சொன்னதாம். என் பழக்கம்: கூரை இல்லாத அடுக்கென்றால் மேல் வரிசைக்கு மட்டும் பட்டை மேலே, அது ஓடு மாதிரி மழையை வழித்துவிடும். கூரை இருந்தால் எப்படி வைத்தாலும் காயும்.

உங்கள் ஹமார் பக்கம் இதற்கெல்லாம் நல்ல இடம். மேற்குக் கரையில் உள்ள பெர்கனில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கடலைவிட்டுத் தள்ளிய வடக்குக் குட்பிரண்ட்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஷோக் மாதிரி இடங்களில் 300 மில்லிமீட்டர் அளவுதான். மேற்குக் கரையில் இருக்கிற உறவினர் "எனக்கு இரண்டு வருடம் பிடித்தது" என்றால் அதை நம்புங்கள், அதைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம்.

இனி மரம். பேர்ச் கனமான மரம், ஒரு கன மீட்டர் உலர்ந்த கட்டை 500 கிலோ அளவு வரும், தணலும் நீண்ட நேரம் நிற்கும். அதனால் அதற்கு விலையும் மதிப்பும். ஸ்புரூஸ், இங்கே கிரான் என்கிற மரம், 400 கிலோவுக்குக் கீழே. சடசடவென்று எரிந்து முடிந்துவிடும், பற்ற வைக்க அதைவிட நல்லது இல்லை. பைன் இரண்டுக்கும் நடுவே. ஊசியிலை மரம் எரித்தால் பிசினால் புகைபோக்கி அடைக்கும் என்று பலர் சொல்வார்கள். காய்ந்த ஸ்புரூஸால் அப்படி ஒன்றும் ஆகாது, காயாத பேர்ச்தான் அடைக்கும். செப்டெம்பர் மாலைகளுக்கு ஸ்புரூஸ், ஆல்டர் போன்ற இலேசான மரம். வெளியே மைனஸ் 20 ஆகும்போது பேர்ச். இரண்டையும் வாங்கி வையுங்கள். ஓக் கிடைத்தால் எடுங்கள், ஆனால் இரண்டு கோடை பொறுக்க வேண்டும். வர்ணம் அடித்த பலகை, மருந்து ஏற்றிய பலகை எதையும் அடுப்புக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் புகையை மூச்சில் எடுப்பது உங்கள் வீடும் அயல் வீடும்தான்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு என் கணக்கு இது. ஒரு மாலைக்கு 10 கிலோ எரித்தால் 30 யூனிட் சூடு கிடைக்கும், பழைய வீட்டின் கீழ்த்தளத்துக்கு அது நல்ல உதவி. வருடத்தில் 150 நாள் என்றால் 1500 கிலோ. அடுக்கிய காய்ந்த பேர்ச் ஒரு கன மீட்டர் சுமார் 400 கிலோ, ஆக 4 கன மீட்டர் போதும். இங்கே பழைய அளவு ஃபாவ்ன்: 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் ஆழம், மொத்தம் 2.4 கன மீட்டர். பழைய இரும்பு அடுப்புகள் 60 சென்டிமீட்டர் கட்டையை அப்படியே விழுங்கின, அதனால் வந்த அளவு. உங்களுக்கு ஒன்றரை, இரண்டு ஃபாவ்ன் வரும். ஆனால் நோக்கம் அதுபோல் இரண்டு மடங்கு வைத்திருப்பது. இந்தக் குளிருக்கு ஓர் அடுக்கு, அடுத்த குளிருக்கு இன்னோர் அடுக்கு. அந்த நிலைக்கு ஒரு முறை வந்துவிட்டால் பிறகு யாரிடமும் "காய்ந்ததா" என்று கேட்கத் தேவையில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடுக்கிய ஒரு கன மீட்டரும் வண்டியில் கொட்டிய ஒரு கன மீட்டரும் ஒன்றல்ல. கொட்டினால் இடையில் காற்றுத்தான் அதிகம், ஒன்றரைக் கன மீட்டர் கொட்டினால் அடுக்கும்போது ஒன்றுதான் தேறும். விலை எதற்கு என்று கேட்டுவிடுங்கள். 40 லீட்டர், 60 லீட்டர் சாக்குகளிலும் விற்பார்கள். ஒரே அளவுச் சாக்கில் ஒன்று மட்டும் அதிகமாகக் கனத்தால் அந்தக் கனம் தண்ணீர்.

காய்ந்ததா என்று பார்க்க முதலில் கையும் காதும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று கேட்கும், பச்சை மந்தமாகத் 'தொப்' என்னும். முனையில் வெடிப்பு இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வெளியே வெடித்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பேர்ச்சுக்கு ஒரு நாட்டு வித்தை: ஒரு முனையில் பாத்திரம் கழுவும் திரவத்தைப் பூசி மறு முனையிலிருந்து பலமாக ஊதினால், காய்ந்த துண்டில் குமிழ் வரும், குழாய்கள் காலியாகிவிட்டன என்று அர்த்தம். ஈரமானி மலிவுதான், ஒன்று வாங்குங்கள். விறகை முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு விட்டு, புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் ஊசியைக் குத்த வேண்டும். உறைந்த விறகில் அளந்தால் எண் பொய் சொல்லும். 20 வீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் எரிக்கலாம், 15க்கும் 18க்கும் இடையில் மிக நல்லது. எண்ணில் சந்தேகம் வந்தால் சிறு துண்டை நிறுத்து, 105 பாகை செல்சியஸில் சமையலறைச் சூட்டடுப்பில் (oven) எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுங்கள். 1200 கிராம் 1000 ஆனால், போன 200ஐ 1000ஆல் வகுங்கள், 20 வீதம். இதைவிடத் திருத்தமான அளவு வீட்டில் கிடையாது.

இப்போது ஓகஸ்ட். இந்தக் குளிருக்கு என்ன செய்யலாம்? பச்சை விறகு மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அது அடுத்த வருடத்துக்கு. இன்றே பிளந்து அடுக்கி அதை மறந்துவிடுங்கள். இந்த வருடத்துக்கு, வசந்தத்தில் பிளந்து கூரைக்கடியில் காய வைத்த விறகை அயலில் உள்ள விவசாயிகளிடம் கேளுங்கள். இறக்குமுன் வண்டியிலேயே நடுவிலிருந்து இரண்டு மூன்று துண்டை எடுத்துப் பிளந்து அளந்து பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, நேர்மையான விற்பனையாளர் தானே கோடாலியை எடுத்துத் தருவார். போன வருடம் மிஞ்சிய விறகு இந்தக் கோடையில் காய்ந்திருக்கும், அளந்து பாருங்கள். குறைந்தால் அழுத்திச் செய்த மரத்தூள் கட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசியாக, எரிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன் ஒரு கூடை விறகை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சூடேறிய விறகு உடனே பற்றும். அடுப்போடு ஒட்டி வைக்க மட்டும் வேண்டாம்.

பற்ற வைப்பதை நம் ஊர் முறைக்குத் தலைகீழாகச் செய்யுங்கள். பெரிய துண்டுகள் கீழே, மெல்லியவை மேலே, தீ உச்சியில். தீ மெதுவாகக் கீழே இறங்கும்போது வருகிற வாயு மேலே உள்ள சுவாலைக்குள் போய் எரிந்துவிடும், புகை மிகக் குறையும். காற்று வழியை நன்றாகத் திறந்து வைத்துச் சின்னத் தீயைச் சுறுசுறுப்பாக எரியவிடுங்கள். இரவு முழுக்கச் சூடு நிற்கும் என்று அடுப்பை நிரப்பிக் காற்றை அடைத்துவிட்டுப் படுப்பது, காய்ந்த விறகையும் பச்சை விறகாக்குகிற வேலை. இங்கே 1998க்குப் பிறகு புதிதாகப் பொருத்துகிற அடுப்புகள் புகையை இரண்டாம் முறை எரிக்கிற வகையாக இருக்க வேண்டும். பழைய வீடு என்றீர்கள், உங்கள் அடுப்பு எந்தக் காலத்தது என்று பாருங்கள். அதற்கு முந்தியதென்றால் மாற்றப் பணஉதவி உண்டா என்று கொமூனேயில், அதாவது உள்ளூராட்சி சபையில், கேளுங்கள்.

போன குளிரில் ஈர விறகு எரித்திருக்கிறீர்கள். ஆகவே முதல் தீ மூட்டுவதற்கு முன் கொமூனேயின் புகைபோக்கி துப்புரவாளரைக் கூப்பிடுங்கள். என் வீட்டுக்கு வந்தவர் பளபளவென்ற கறுப்புத் தாரைச் சுரண்டிக் கையில் தந்தார். ஒரு தீப்பொறி போதும், அது புகைபோக்கிக்குள்ளேயே எரியத் தொடங்கும் என்றார். மரவீட்டில் அப்படி நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். சாம்பலுக்குள் தணல் நாள் கணக்காக உயிரோடு இருக்கும்.

2021 இறுதியில் தெற்கே மின்கட்டணம் ஏறியபோது எத்தனை தமிழ் வீடுகளில் ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். 2024இலிருந்து அரசாங்கமும் ஒவ்வொரு வீடும் ஒரு வாரம் தன் காலில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும் என்கிறது, மின்சாரம் இல்லாமல் சூடு பெறுகிற வழியும் அதில் அடங்கும். அதற்கு உங்களிடம் அடுப்பு இருக்கிறது. இனி விறகுதான் வேண்டும்.

அடுத்த ஏப்ரலில் அடுக்கி முடிக்கும்போது மூன்று துண்டுகளைத் தனியாக எடுத்து நிறுங்கள். வெட்டு முகத்தில் எடையையும் தேதியையும் பென்சிலால் எழுதி, அடுக்கின் நடுவில் கைக்கு எட்டுகிற இடத்தில் செருகிவிடுங்கள். மாதம் ஒருமுறை இழுத்து நிறுத்து, பழைய எண்ணுக்குக் கீழே புதியதை எழுதுங்கள். மே மாதத்தில் எடை மளமளவென்று இறங்கும், யூலையில் மெதுவாகும், பிறகு ஒரு மாதம் அசையாமல் நிற்கும். அன்றைக்கு ஒன்றைப் பிளந்து அளந்து பாருங்கள்.